28 நாள் பழைய ரத்தம் அம்மாவுக்கு ஆகுமா?

கேள்வி: அம்மாவுக்கு இங்கே தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பை ஆபரேஷன். ஹீமோகுளோபின் 7தான். தருமபுரி ரத்த வங்கியில் கொடுத்த பையில் 28 நாளுக்கு முந்தைய தேதி. வாசலில் நின்ற ஒருவர், "அது செத்த ரத்தம் சார், ஃப்ரெஷ்ஷா ஆள் வெச்சு ஏற்பாடு பண்றேன்" என்கிறார். என்ன செய்ய? - வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாக ஏற்றலாம். நீங்கள் பார்க்க வேண்டியது காலாவதித் தேதியை. சத்துக் கரைசல் சேர்த்த சிவப்பணுப் பை, 2 முதல் 6 டிகிரி குளிரில் 42 நாள் தாங்கும்.

பைக்குள் மாற்றம் நடக்கத்தான் செய்யும். அணுக்கள் சர்க்கரையைத் தின்று புளிப்பை விடும். வளைந்து கொடுக்கும் தன்மை போய் முள் முளைத்தாற்போல விறைக்கும். பொட்டாசியம் வெளியே கசியும். திசுக்களுக்கு ஆக்சிஜனை இறக்கிவிட உதவும் ஒரு பொருள் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும், ஆனால் உடம்புக்குள் போனபின் ஓரிரு நாளில் மீண்டும் ஊறிவிடும். புது ரத்தத்தையும் பழையதையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் 2015, 2016-இல் வந்தன. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது அந்த வாசல் ஆசாமி. காசுக்கு ரத்தம் கொடுப்பதற்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை. எய்ட்ஸ், பி, சி வகை மஞ்சள் காமாலை, மலேரியா, சிபிலிஸ் ஆகிய ஐந்துக்கும் சோதிக்காமல் எந்தப் பையும் வெளியே வரக்கூடாது. "சூடா எடுத்து உடனே ஏத்தலாம்" என்பவர் இந்தச் சோதனையைத்தான் தாண்டச் சொல்கிறார். பணத்துக்குக் கை நீட்டுபவன் தன் நோயை ஒளிக்காமல் சொல்வானா? கொடுக்கும் காசுக்கு ரசீது கேளுங்கள், ஆள் அப்புறம் கண்ணில் படமாட்டார்.

என்னைக் கேட்டால், ரத்தம் கெடுவது வங்கியில் இல்லை, வழியில். தருமபுரியில் வாங்கிய பையைக் கேரி பேக்கில் போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டி, வெயிலில் பாலக்கோடு கொண்டுபோகிறார்கள். புத்திசாலி ஒருவர் அதை ஐஸ் கட்டிக்குள் நேராகப் புதைப்பார். உறைந்தால் அணுக்கள் உடைந்துபோகும். வெந்நீரில் முக்கிச் சூடேற்றினாலும் அதே கதிதான். குளிரைவிட்டு எடுத்து அரை மணி நேரம் தாண்டினால் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது; 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். இதையெல்லாம் தெரியாத மகனைக் கூரியர் பையனாக்கி அனுப்புகிறார்களே, ஒரு குளிர்ப்பெட்டிக்கும் ஒரு பணியாளருக்கும் அவ்வளவு பஞ்சமா? நீங்கள் பெட்டி கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

புது ரத்தம் கட்டாயம் என்று நாங்களே கேட்கும் இடம் உண்டு. பிறந்த குழந்தைக்குக் கடும் மஞ்சள் காமாலை என்றால், அதன் உடம்பில் ஓடும் ரத்தத்தைப்போல இரண்டு மடங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மாற்றுவோம். பழைய பையில் கசிந்திருக்கும் பொட்டாசியம் அந்தச் சின்ன இதயத்தையே நிறுத்திவிடலாம். அதனால் ஒரு வாரத்துக்குள் எடுத்த பை வேண்டும். அதையும் டாக்டர் எழுதிக் கேட்பார், வங்கி சோதித்துக் கொடுக்கும். வாசலில் யாரும் விற்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏற்றும்முன் பையிலுள்ள குரூப்பும் எண்ணும் அம்மாவின் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று நர்ஸோடு நின்று பாருங்கள். ரத்தம் கறுத்தோ ஊதாவாகவோ இருந்தால், கட்டி தெரிந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது நேற்று எடுத்த பையாக இருந்தாலும்.