படத்தில் பார்த்தது போதாதா?

கேள்வி: இந்த ஆண்டு பிரான்சுக்குச் செல்கிறோம். ரோன்ஷாம் குன்றின் மேல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டிய தேவாலயத்தைக் காண வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. அதற்காக ஒரு நாளைச் செலவிட வேண்டுமா, படத்தில் பார்த்தது போதாதா என்கிறார் என் கணவர். தங்கள் கருத்து என்ன?
— வாசகி ஒருவர்

பதில்: அவசியம் செல்லுங்கள், இயன்றால் ஓர் இரவு அருகிலேயே தங்குங்கள். நாம் காணும் படங்களில் பெரும்பாலானவை, கூரை கப்பலின் முனைபோல் மேலெழும் தென்கிழக்கு மூலையைக் காட்டுபவை. அங்கிருந்து வடக்கே திரும்பினால் வேறொரு கட்டடத்தின் எதிரே வந்துவிட்டோமோ என்று தோன்றும். மேற்குச் சுவரிலோ ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. ஆகவே உள்ளே நுழைய அவசரப்படாமல், முதலில் ஒருமுறை முழுமையாக வலம் வாருங்கள்.

உள்ளே நீங்கள் காணப்போவது ஒளியின் வேலைப்பாடு. நண்டின் ஓட்டிலிருந்து பிறந்த வடிவம் என்று லெ கொர்புசியே குறிப்பிட்ட அந்தக் கனத்த கான்கிரீட் கூரையைச் சுவருக்குள் மறைந்திருக்கும் தூண்களே தாங்குவதால், தெற்கிலும் கிழக்கிலும் சுவருக்கும் கூரைக்கும் இடையே மெல்லிய இடைவெளி விடப்பட்டு, அதன் வழியே ஒளிக்கோடு ஒன்று ஓடுகிறது. தெற்குச் சுவரின் ஆழமான சாளரங்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. சிறிய கோபுரங்கள் இரண்டில் ஒன்று கிழக்கையும் மற்றது மேற்கையும் நோக்கியிருப்பதால், ஒன்றின் அடியிலுள்ள பீடம் காலையிலும் மற்றதன் அடியிலுள்ளது மாலையிலும் ஒளி பெறுகின்றன. நண்பகலில் வந்து அரை மணியில் திரும்புபவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. தங்கிப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மழை பெய்தால் வருந்த வேண்டாம். கூரையில் விழும் நீர் முழுவதும் மேற்குப் பக்கத்தின் ஒரே தூம்பு வழியாகத் தொட்டியில் கொட்டும் காட்சி, மழை நாளில் வந்தவருக்கு மட்டுமே வாய்ப்பது.

1944-இல் போரில் இடிந்த பழைய ஆலயத்தின் கற்கள், 1955-இல் நிறைவடைந்த இந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். லெ கொர்புசியேவே வடிவமைத்த சண்டிகரின் கேப்பிட்டல் வளாகத்துடன் சேர்த்து 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இக்கட்டடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. உள்ளே அமைதி காப்பது நம் கடமை.

ரோன்ஷாம் நிலையத்தில் நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால், பெல்ஃபோர் நகரில் தங்கி, திரும்பும் வண்டியின் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கால்கள் ஒத்துழைத்தால், நிலையத்திலிருந்து குன்றின் உச்சிவரை யாத்திரிகர்களைப் போல நடந்தே ஏறுங்கள்.