மாத்திரையும் கிரீன் டீயும் ஒரே நேரத்தில் வேண்டாம்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பங்குனியிலிருந்தே உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று என ஐஸ் போட்ட லெமன் கிரீன் டீ தினமும் இரண்டு பாட்டில் குடிக்கிறேன். உடம்புக்குக் குளிர்ச்சி, எடையும் குறையும் என்று கூட வேலை செய்யும் அக்கா சொன்னாங்க. எனக்கு ஹீமோகுளோபின் 9.8 என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மதியம் சாப்பிட்டதும் போடுகிறேன். இரண்டு மாதம் ஆகியும் 9.9தான். மூன்று மணிக்கு மேல் தலை கிறுகிறுக்கிறது, நீர்க்கடுப்பும் இருக்கிறது. கிரீன் டீயை விட்டுவிடணுங்களா?

பதில்: விட வேண்டியதில்லை அம்மணி. ஆனால் மதியச் சாப்பாட்டை விட்டு அதைத் தள்ளி வைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது மாத்திரை போடும் நேரம்தான். மாத்திரையும் சோறும் டீயும் ஒன்றாக வயிற்றுக்குள் போகின்றன.

வீட்டில் ஒரு காரியம் செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கிரீன் டீ போட்டு, ஒரு இரும்புச்சத்து மாத்திரையை நுணுக்கி அதில் கலக்குங்கள். இளம் பச்சையாக இருந்தது கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மசி காய்ச்சினார்களே, அதே கதைதான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. பல இரும்புச்சத்து மாத்திரைகளில் இருப்பதும் அதுவே. கடுக்காயின் துவர்ப்பும் டீயின் துவர்ப்பும் ஒரே குடும்பம். துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டால் குடல் அதை உறிஞ்ச முடியாது, மலத்தோடு போய்விடும். கீரை, ராகி, பயறு இவற்றில் உள்ள இரும்புக்கும் இதே கதிதான். பாட்டில் டீயில் துவர்ப்பு கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் தினமும் மாத்திரையோடு சேர்த்தே குடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இரும்பு ஒழுங்காகச் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதத்தில் 0.1. இனி காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு மாத்திரையைப் போடுங்கள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும். வயிறு புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காபி, பால் எதுவானாலும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். இப்படி மாற்றியும் ஏறவில்லை என்றால் டீயைக் குற்றம் சொல்ல முடியாது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ கட்டி கட்டியாகப் போனாலோ அதுவரை காத்திருக்காமல் இப்போதே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டினாலும் மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது, மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

அடுத்தது சர்க்கரை. பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு 7 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், அரை லிட்டர் பாட்டிலில் 35 கிராம், அதாவது ஏழு டீஸ்பூன். இரண்டு பாட்டிலுக்குப் பதினான்கு. ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. வீட்டில் ஒரு டம்ளர் டீக்கு ஏழு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நீங்கள் குடிப்பீர்களா? ஐஸாக இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் கணக்குத் தெரியாமல் உள்ளே போய்விடுகிறது. எடை விஷயத்தில் அந்த அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கிரீன் டீயால் எடை சொல்லும்படியாகக் குறைவதில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2012-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இந்தச் சர்க்கரையோடு குடித்தால் ஏறத்தான் செய்யும்.

சரி, தலைகிறுகிறுப்புக்கு வருவோம். ரத்தசோகை ஒரு காரணம், வெக்கை இன்னொரு காரணம். சிமெண்ட் சீட்டுக்குக் கீழே, பக்கத்திலேயே அயர்னிங் ஆவியும் சேர்ந்தால் வேர்வை எப்படி ஊற்றும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. பாட்டில் டீ தண்ணீரைத் தரும், உப்பு அதில் இல்லை என்றே சொல்லலாம். அதற்கு நம் ஊர் மோர்தான் சரி. கல்லுப்பு, சீரகம், தட்டிய இஞ்சி, கொத்தமல்லி போட்டு நீர்க்கக் கலக்கி ஒரு லிட்டர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். காலையில் சின்ன வெங்காயத்தோடு கம்மங்கூழ், கிடைத்தால் ஒரு இளநீர். ரொம்ப வேர்த்துத் துவண்டுவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பு, இளநீர் இரண்டையும் தங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

நீர்க்கடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் வரும் பனியன் கம்பெனிப் பெண்களில் பலர், தயங்கித் தயங்கி ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: பாத்ரூம் சுத்தமில்லை, அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைக்கிறார், அதனால் தண்ணியே குடிக்கிறதில்லைங்க. நீங்களும் அப்படியா? கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் சிறுநீர் கெட்டியாகும், கிருமி தங்கும், கல்லும் சேரும். இதை ‘சூடு’ என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக வந்தால் போதுமான தண்ணீர் உள்ளே போகிறது. டீயில் உள்ள காபின் கடுப்பைக் கூட்டக்கூடும். கடுப்பு தீரும் வரை பாட்டிலை நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் ஆசைக்குக் குடிக்கலாம், வீட்டில் போட்டது. ராத்திரி அரை லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் ஒரு கிரீன் டீ பையைப் போட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் பையை எடுத்துவிட்டு எலுமிச்சை பிழிந்து, நாலு புதினா இலை போடுங்கள். வெந்நீரில் போட்டதைவிடக் கசப்பு குறைவு என்பதால் சர்க்கரை கேட்காது. நாலு மணி டீ நேரத்துக்கு ஒரு டம்ளர் போதும். கடையில் வாங்கினால் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யோசியுங்கள். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாகவும் வரும்.

வேலை நேரத்தில் கிறுகிறுப்பு வந்தால் நின்றுகொண்டே சமாளிக்காதீர்கள். காற்றாடி பக்கம் போய்ப் படுத்து, காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ மயக்கம் தெளியாவிட்டாலோ, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைக் கூட வேலை செய்யும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள்.

காலை மாத்திரையை ஒரு மாதம் விடாமல் போட்டுவிட்டு, மறுபடி ரத்தம் பார்த்து அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.