நல்ல சட்டை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். நானும் பிள்ளையும் தேவகோட்டையில் மாமியாரோடு இருக்கிறோம். படப் புத்தகம் படித்துக் காட்டினால் பேச்சும் அறிவும் வளரும் என்றார்கள், இருபதுக்கு மேல் வாங்கிவிட்டேன். தினமும் சாயங்காலம் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, முகப்பில் வெளிச்சமாக உள்ள இடத்தில் உட்கார வைத்துப் படிக்கிறேன். இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. 'இது என்ன, அது என்ன' என்று கேட்டால் வாயே திறக்காமல் எழுந்து ஓடுகிறான். மற்ற நேரமெல்லாம் ஓயாத பேச்சு. அவன் அப்பாவுக்கு அனுப்ப ஒரு நிமிட வீடியோ எடுப்பதற்குள் உயிர் போகிறது. என் நாத்தனார் மகள் இதே வயதில் குடும்பக் குரூப்பில் அழகாகச் சொல்கிறாள். செல்லைக் கையில் கொடுத்தால் உட்காருவான் என்கிறார் மாமியார். கிழிக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. இவனுக்குக் கவனக் குறைபாடு இருக்குமோ? மதுரையில் டாக்டரிடம் காட்டட்டுமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: மதுரைக்குப் பிறகு போகலாம். முதலில் அந்தச் சட்டைக்குப் பதில் சொல்லுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு குரங்குப் படம் காட்ட நல்ல சட்டை எதற்கு? 'வெளிச்சமாக உள்ள இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் புத்தகத்துக்கா, கேமராவுக்கா? பிள்ளை ஓடுவதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, அந்த வீடியோவைப் போகிற போக்கில் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் 'ஒரு பாட்டுப் பாடும்மா' என்றால் எந்தப் பெண்ணுக்குத் தொண்டை அடைக்காது? அதைத்தான் தினமும் சாயங்காலம் அவனுக்குச் செய்கிறீர்கள். அவன் எழுந்து ஓடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டு பக்கம் வரைக்கும் பொறுத்திருக்கிறானே!

ஒரு காரியம் செய்யுங்கள். இதுவரை அனுப்பிய வீடியோக்களில் நாலைந்தை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். புத்தகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? பக்கத்தைப் புரட்டுவது யார் கை? நீங்கள் பார்ப்பது பிள்ளையையா, செல்லையா? இதே புலம்பலோடு வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் புத்தகம் கேமராவைப் பார்த்து விரிந்திருக்கும், பிள்ளைக்குப் படம் சாய்வாகவோ தலைகீழாகவோ தெரியும், அம்மாவின் விரல் படத்தின் மேல் தட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் கை சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற கை உள்ள பிள்ளை எழுந்து போகத்தான் செய்யும்.

முகப்பை விடுங்கள். அது வருகிறவர் போகிறவருக்கான இடம். தெருவில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் உங்களுக்கே கண் அங்கே போகும். வீட்டுக்கு உள்ளே, முற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்தில் தூண் ஓரமாக ஒரு தடுக்கைப் போட்டு உட்காருங்கள், இல்லையென்றால் படுக்கையில். அவன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பேர் கண்ணும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மடி வேண்டாம் என்றால் தோளோடு தோள் உரச உட்காரட்டும். புத்தகத்தின் கீழ் விளிம்பை அவன் பிடிக்கட்டும். பக்கம் புரட்டுவது அவன் வேலை. இரண்டு தாள் சேர்ந்து போனாலும், பின்னாலிருந்து முன்னால் வந்தாலும், முதலை படத்துக்கே மூன்று முறை திரும்பிப் போனாலும் விட்டுவிடுங்கள். அந்த வயதில் கதை ஒழுங்காக முடிந்தாக வேண்டும் என்பது உங்களுக்கு உள்ள அரிப்பு. அவனுக்கு இல்லை.

இப்போது அந்த 'இது என்ன?' விஷயம். மற்ற நேரமெல்லாம் ஓயாமல் பேசுகிற பிள்ளைக்கு யானை எது, பூனை எது என்று தெரியாதா? உங்களுக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி பரீட்சை. 1988இல் அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பிரிவாக ஒரு மாதம் வீட்டில் படப் புத்தகம் படித்தார்கள். ஒரு பிரிவு வழக்கம்போல வாசித்தது. இன்னொரு பிரிவுக்கு மட்டும் ஒரு சொல்லில் முடியாத கேள்விகளைக் கேட்கவும், பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சுத்தான் முந்தியது. புத்தகம் எத்தனை வாங்கினோம் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பக்கம் திரும்பியதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த ஐந்து எண்ணுவதுதான் அம்மாக்களுக்கு மலையாக இருக்கிறது, மூன்றிலேயே வாய் வந்துவிடும். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ராஜாவைப் பார்க்காமல் மூலையில் இருக்கிற எறும்பைப் பார்க்கிறானா, அன்றைக்குக் கதை எறும்புக்கு. "பூனை ஓடுது" என்றானா, "ஆமா, பால குடிச்சிட்டுப் பூனை ஓடுது" என்று இரண்டு சொல் கூட்டுங்கள். தப்பாகச் சொன்னால் 'இல்லை' வேண்டாம். ஆட்டைக் காட்டி நாய் என்றால், "ஆடு கொம்பை ஆட்டுது பாரு" என்றால் போதும். நீங்கள் மூன்று தடவை சொன்னால் ஒரு தடவை கேளுங்கள். கேட்பதும் "ஏன் அழுவுறான்?", "இப்ப எங்க போவாங்க?" என்று இருக்கட்டும். பதில் வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். நிறம், எண், இங்கிலீஷ் பெயர் எல்லாவற்றையும் படத்தில் ஏற்றாதீர்கள். அதற்கென்று பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருடம் காத்திருக்கிறது.

அச்சில் உள்ளதை அப்படியே வாசிக்கவும் வேண்டாம், முதல் சில நாட்களுக்காவது. 'குரங்கு மரத்தின் மீது ஏறியது' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. "குரங்கு மரத்து மேல ஏறிருச்சு" என்று சொல்லுங்கள். கதை பழகிய பிறகு அச்சு வரியை வாசித்தால் அவனுக்கு அதுவும் பிடிக்கும், எழுத்துத் தமிழின் ஓசை அப்படித்தான் காதில் ஏறும்.

எவ்வளவு நேரம்? ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அவன் எழுந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். "இன்னும் ஒரே பக்கம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தால் மறுநாள் புத்தகத்தைக் கண்டதுமே ஓடுவான். சாயங்காலம் விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கூப்பிடாதீர்கள். குளித்துச் சாப்பிட்டுத் தூக்கம் வருவதற்கு முந்திய நேரமும், காலையில் எழுந்த சோம்பல் நேரமும் நல்லவை. இருபது புத்தகத்தையும் ஒன்றாகக் குவித்திருந்தால் பதினைந்தை எடுத்து உள்ளே வையுங்கள். ஐந்து போதும். அகலமான ஓர் ஓலைக் கூடையில், நம்மூர்க் கொட்டானில், அட்டை முன்பக்கம் தெரியும்படி நிறுத்தி, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் தரையில் வையுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டை மாற்றுங்கள். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள். அடுத்து வருவது என்னவென்று தனக்குத் தெரிந்துவிட்டது என்பதில் அவனுக்கு ஒரு பெருமை இருக்கிறது. பாதி வரியில் நீங்கள் நிறுத்தினால் மீதியை அவன் முடிப்பான்.

கிழிப்பதற்குக் கோபப்படாதீர்கள். பின் அடித்த மெல்லிய புத்தகங்களின் நடுத்தாள் முதலில் கழன்றுவிடும், அது அவன் குற்றம் இல்லை. புரட்டிப் பழகும் வரை கெட்டி அட்டைப் புத்தகங்களில் இரண்டை எப்போதும் கொட்டானில் வையுங்கள். தாள் மூலையை மேலிருந்து பிடித்துப் புரட்டக் காட்டிக் கொடுங்கள், நடுவில் பிடித்து இழுக்கும்போதுதான் கிழிகிறது. கிழிந்ததை அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். கிழியும் என்று பயந்து அலமாரியில் வைத்துப் பூட்டினீர்களானால் வாங்கியதே வீண்.

டாக்டர் விஷயம் சுருக்கமாக. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது, மூன்று சொல் சேர்த்துப் பேசாதது, வெளியாருக்கு அவன் பேச்சில் பாதிகூடப் புரியாதது, முன்பு சொன்ன சொற்களை இப்போது விட்டுவிட்டது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதையும் பரிசோதியுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. கேமரா முன்னால் மட்டும் வருகிற கவனக் குறைபாட்டுக்கு மதுரையில் மருந்து கிடையாது.

நாத்தனார் மகளோடு ஒப்பிட்டது வெட்கக்கேடு. அவள் எத்தனை தடவை சொல்லி எந்தத் தடவை குரூப்புக்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? மாமியார் சொன்னதற்கும் பதில் இருக்கிறது. மூன்று, நான்கு வயதுக்குத் திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. உட்கார வைத்தால் கதையும் படிப்பும் கொடுங்கள் என்பதும் அதில் உண்டு. அதை மரியாதையாகச் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு ஒரு புத்தகத்தை அத்தையிடமே கொடுங்கள். படத்தைப் பார்த்து அப்பத்தா என்ன கதை கட்டினாலும் குறுக்கே போகாதீர்கள்.

மிச்சம் இருப்பது உங்கள் கணவர். அவருக்கு வீடியோ எதற்கு? பிள்ளை கண்ணில் படவில்லையே என்கிற ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பார்த்து ரசிக்கிறவர் சித்தப்பாவாகவும் இருக்கலாம், குரூப்பில் ஹார்ட் போடுகிற யாராகவும் இருக்கலாம். தகப்பனுக்கு வேலை இருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள். அவர்களிடம் கடிதம் தவிர வேறு வழி இருக்கவில்லை. இவர் கையில் செல் இருக்கிறது. பணம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று அவர் நினைத்தால் அது தப்பு, அதற்கு வீடியோ எடுத்து நீங்கள் உதவுவது அதைவிடத் தப்பு.

அவரே படிக்கட்டும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே ஏழரை என்றால் அங்கே இரவு பத்து. அது முடியாதென்றால் ஞாயிறு காலை, இங்கே ஏழு மணிக்கு அங்கே ஒன்பதரை. வாரம் இரண்டு நாள் போதும், நாள் மாறக் கூடாது. ஒரே புத்தகம் இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும். ஊருக்கு வந்து திரும்புகிறவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடலாம். சிங்கப்பூர்ப் பொது நூலகங்களிலும் தமிழ்ச் சிறார் நூல்கள் உண்டு. சிறார் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. முதல் நிலைக் கதையாகப் பார்த்து நீங்கள் இங்கே அச்செடுத்துப் பின் அடித்துப் பிள்ளை கையில் கொடுங்கள், அவர் அங்கே திரையில் திறந்துகொள்ளட்டும். செல்லைத் தலையணையில் சாய்த்து, அப்பா முகம் அவன் கண் மட்டத்தில் தெரியும்படி வையுங்கள். புத்தகம் அவன் மடியில், அவன் உங்கள் மடியில். அவர் ஒரு பக்கம் சொல்லிவிட்டு "புரட்டு" என்றால் அவன் புரட்டுவான். சிக்னல் தடுமாறினால் அந்த இடத்தை நீங்கள் சொல்லி ஓட்டுங்கள். அவரிடம் கறாராகச் சொல்லுங்கள், "அது என்ன, இது என்ன" கிடையாது, "அப்பாவுக்குச் சொல்லிக் காட்டு" கிடையாது. அவன் ஐந்து நிமிடத்தில் இறங்கிப் போனாலும் திருப்பிக் கூப்பிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவன் செல்லைத்தான் பிடுங்குவான், அப்பா முகத்தைத்தான் தொடுவான். போகட்டும்.

ஒரு மாதத்துக்கு எந்த வீடியோவும் எடுக்காதீர்கள், குரூப்புக்கும் சேர்த்துத்தான். 'ஏன் வரவில்லை' என்று கணவர் கேட்டால் புதன்கிழமை ஏழரைக்குப் புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள்.