பிராட்ஃபோர்டின் பழைய படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்து வீட்டில் வயதான ஆங்கிலேயர் ஒருவர் தனியாக இருக்கிறார். நல்ல மனிதர். போன வாரம் தேநீருக்குக் கூப்பிட்டு, அவர் சேர்த்து வைத்திருக்கும் ஊரின் பழைய படங்களைக் காட்டினார். ஸ்வான் ஆர்கேட் என்ற அழகான கடைத்தெரு, கிர்க்கேட் சந்தை, மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்கள், புகை கக்கும் ஆலைகள். ஒவ்வொரு பழைய படத்துக்கும் பக்கத்தில் அதே இடத்தின் இன்றைய படம். "வெளியிலிருந்து ஆட்கள் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர் இப்படி இருந்தது" என்றார். என்னைக் குத்திப் பேசினார் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு சங்கடப்பட்டது.

அந்தப் படங்களைப் பார்த்து எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. நேற்று வந்த எனக்கு அப்படி வருத்தப்பட உரிமை இருக்கிறதா? அவர் சொன்னது உண்மையா? இந்தப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ர., பிராட்ஃபோர்டு

அன்புள்ள ர.,

தாராளமாக வருத்தப்படலாம். ஸ்வான் ஆர்கேட் போனதற்கு யார் வருத்தப்பட்டாலும் அது தகும். ஆனால் அது போனதற்கும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் முடிச்சுப் போடுவதை நான் ஒப்ப மாட்டேன். அந்தப் படங்களே அதற்குச் சாட்சி சொல்லாது.

அன்று ஒரு படம், இன்று ஒரு படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நடுவில் இருந்த அறுபது, எழுபது ஆண்டுகள் காணாமல் போகின்றன. யார் முடிவெடுத்தார்கள், எந்த வருடம், எதற்காக என்று எதுவும் தெரியாது. முதல் படத்தில் வெள்ளை முகங்கள், இரண்டாவதில் பல நிறத்து முகங்கள். பார்ப்பவர் மனம் அந்த இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. அதனால் ஆண்டுகளைத் திரும்ப உள்ளே வைத்துப் பார்ப்போம்.

ஸ்வான் ஆர்கேட், கண்ணாடிக் கூரை போட்ட விக்டோரியா காலத்துக் கடைத்தெரு. மேலே கம்பளி வியாபாரிகளின் அலுவலகங்கள். எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லி முதல் உலகப் போருக்கு முன்னால் அங்கேதான் ஒரு கம்பளி நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அதை இடித்தது 1962-இல். கிர்க்கேட் சந்தை 1973-இல் போனது. போருக்குப் பிறகு ஊரின் நடுப்பகுதியை முழுக்கத் திருத்தி எழுதுவது என்று மாநகராட்சி முடிவு செய்தது. நகரப் பொறியாளர் ஸ்டான்லி வார்ட்லி திட்டம் போட்டார். அகலமான சாலைகள், கார்களுக்கு வழி, புதிய கான்கிரீட் கட்டடங்கள். கட்டட முதலீட்டாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊரை ஆண்டவர்களும் ஊரில் முதல் போட்டவர்களும் எடுத்த முடிவு அது. அன்றைக்கு அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்த எந்த ஆலைத் தொழிலாளியிடமும் யாரும் யோசனை கேட்கவில்லை.

இடிக்க முடிவெடுத்தவர்களை வெறும் அழிப்பவர்களாகவும் பார்க்கக் கூடாது. பழைய படங்களில் கட்டடங்கள் கன்னங்கரேலென்று இருப்பதைக் கவனித்தீர்களா? கறுப்பு வெள்ளைப் படம், அதனால் அப்படித் தெரிகிறது என்று நினைப்போம். நிஜமாகவே அவை கறுப்புதான். பிராட்ஃபோர்டின் கட்டடக் கல் தேன் நிறத்து மணற்கல். ஆலைப்புகையும் வீட்டு அடுப்புப்புகையும் நூறு வருடம் படிந்து அதைக் கரியாக்கியிருந்தன. தூய காற்றுச் சட்டம் 1956-இல்தான் வந்தது. அந்தப் புகையில் மூச்சுத் திணறி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அழுக்கும் இருமலும்தான் நினைவுக்கு வந்திருக்கும். கழுவினால் தேன் நிறம் வரும் என்று தெரிந்தபோது பல கட்டடங்கள் இல்லை. தப்பியவற்றில் ஒன்று 1867-இல் திறந்த கம்பளிச் சந்தை மாளிகை. இப்போது அதில் புத்தகக்கடை இருக்கிறது. போகாமல் இருந்தால் போய் வாருங்கள்.

இனி, ஆட்கள் வந்த கதை. போருக்குப் பிறகு கம்பளி ஆலைகள் விலை உயர்ந்த புது இயந்திரங்களை வாங்கின. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் அவை இரவும் பகலும் ஓட வேண்டும். இரவு ஷிஃப்டில் பெண்களை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளூர் ஆண்களுக்கு அதைவிட நல்ல வேலைகள் கிடைத்தன. முதலில் போலந்து, உக்ரைன் நாட்டவர்கள் வந்தார்கள். பிறகு பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூரிலிருந்தும் கிழக்கு வங்காளத்திலிருந்தும் ஆண்கள் தனியாக வந்தார்கள். 1960களில் மங்களா அணைக்காக மீர்ப்பூர் பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிலம் இழந்தார்கள். அவர்களில் பலர் பிராட்ஃபோர்டில் ஏற்கெனவே இருந்த உறவுகளைத் தேடி வந்தார்கள். ஸ்வான் ஆர்கேட் இடிபட்ட அதே 1962-இல், இப்படி வருவோரைக் கட்டுப்படுத்தும் காமன்வெல்த் குடியேற்றச் சட்டமும் வந்தது. ஊருக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஆண்கள், கதவு மூடிவிடும் என்று பயந்து மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுகளின் தெருப்படங்களில் இவர்கள் அவ்வளவாகக் கண்ணில் படாததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. படம் எடுப்பவர்கள் வெளிச்சத்தில் எடுத்தார்கள். அந்த நேரத்தில் இரவு ஷிஃப்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பல வீடுகளில் பகல் ஷிஃப்டுக்காரர் எழுந்து போன கட்டிலில் இரவு ஷிஃப்டுக்காரர் வந்து படுப்பார். 'வெளியாட்கள் வருவதற்கு முன்னால்' என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கும் படங்களில் பல, அவர்கள் வந்த பிறகு எடுத்தவையாக இருக்கலாம். இரவுநேர மருத்துவமனைப் பணி தெரிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் முகம் வேறொரு இடத்தில் பதிவாகியிருக்கிறது. மேனிங்ஹாம் லேனில் பெல்வ்யூ ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. சாண்ட்ஃபோர்டு டெய்லர் 1926-இல் தொடங்கினார். அவரிடம் உதவியாளராக இருந்த டோனி வாக்கர் பிறகு அதை நடத்தினார். மற்ற ஸ்டுடியோக்கள் பிலிமுக்கு மாறிய பிறகும் இவர் பழைய பெரிய கேமராவில், கண்ணாடித் தகட்டில், ஜன்னல் வழியாக வந்த பகல் வெளிச்சத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்களில் எடுப்பதுபோலவே வரைந்த திரைக்கு முன்னால் நிற்கவைத்து, தலை முதல் கால் வரை தெரியும்படி எடுத்தார். புதிதாக வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கோட் போட்டு, சட்டைப் பையில் பேனா செருகி, கைக்கடிகாரம் தெரிகிற மாதிரி கையை வைத்து நின்றார்கள். பஸ் கண்டக்டர் சீருடையோடு வந்தார். செவிலியர்கள் தொப்பியோடு வந்தார்கள். ரேடியோவை மேசையில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர் உண்டு. ஊருக்குக் கடிதத்தோடு அனுப்புவதற்கான படங்கள் இவை. நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று அம்மாவுக்குச் சொல்கிற படங்கள். கம்பளி தூசியும் எண்ணெய் நாற்றமும் இரவு முழுக்க நின்ற காலின் வலியும் அவற்றில் இல்லை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எந்த அம்மாவுக்கு எந்தப் பிள்ளை அதை எழுதினான்?

தகடுகளை வரிசையாகப் பார்த்தால் ஊர் மாறுவது தெரியும். ஆரம்பத்தில் பிராட்ஃபோர்டின் வெள்ளையர் குடும்பங்கள். பிறகு கிழக்கு ஐரோப்பியர்கள், கரீபியர்கள், தனி ஆண்கள். பிறகு புதிதாக வந்து இறங்கிய மனைவி, மடியில் குழந்தை. வண்ணப்படமும் சொந்தக் கேமராவும் பரவியபின் 1975-இல் ஸ்டுடியோவை மூடினார்கள். குப்பைக்குப் போக இருந்த சுமார் 17,000 தகடுகளை 1980களின் நடுவில் மீட்டார்கள். பெரும்பாலானவற்றில் யார் என்ற குறிப்பே இல்லை. இந்த நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆவணங்களில் இதைவிட மதிப்புள்ள ஒன்றை என்னால் சொல்ல முடியாது.

அடுத்ததாக நான் நம்புவது டிராலி பஸ் படங்களை. பிரிட்டனில் டிராலி பஸ் முதலில் ஓடியது 1911-இல், லீட்ஸிலும் பிராட்ஃபோர்டிலும். கடைசியாக நின்றதும் பிராட்ஃபோர்டில்தான், 1972 மார்ச் 26 அன்று. மற்ற ஊர்களில் எல்லாம் நின்றுபோனதால் பஸ் பிரியர்கள் எங்கெங்கிருந்தோ கேமராவோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கண் முழுக்க வண்டி மேல்தான். அதனால் தெருவை அவர்கள் அழகுபடுத்தவில்லை. கடைப் பலகை, ஜன்னலில் ஒட்டிய விலை, தலைக்குட்டை கட்டிய பெண்கள், தள்ளுவண்டியில் குழந்தை, பாதி இடித்த சுவர் எல்லாம் உள்ளபடியே பின்னால் விழுந்துகிடக்கும். அப்படிப்பட்ட படம் கிடைத்தால் முதலில் பஸ்ஸுக்குப் பின்னால் பாருங்கள்.

ஸ்வான் ஆர்கேட் எண்பது வருடத்துக்கு மேல் நின்றது. வார்ட்லி காலத்தில் எழுந்த நடுநகரக் கட்டடங்களில் பல நாற்பது வருடத்திலேயே போய்விட்டன. 2004-இல் ஒரு பெரிய பகுதியை இடித்தார்கள். அங்கே வணிக வளாகம் வரும் என்றார்கள். பணம் நின்றது. பல வருடம் ஊர் நடுவில் பெரும் பள்ளம் கிடந்தது. 2015 நவம்பரில்தான் பிராட்வே வளாகம் திறந்தது. இன்றைய படத்தில் நீங்கள் பார்த்தது இதுவாக இருந்தால், 'பழையது போய் வந்த புதியது' என்று அதைச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு புதியது வந்து, அதுவும் போய்விட்டது.

எக்லெஸ்ஹில்லில் மூர்சைடு ஆலை இருக்கிறது. பழைய கம்பளி ஆலை, இப்போது பிராட்ஃபோர்டு தொழில் அருங்காட்சியகம். கம்பளி சீவும், நூற்கும் இயந்திரங்கள் இருக்கின்றன, பழைய டிராமும் டிராலி பஸ்ஸும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த வயதுக்காரர் வீட்டில் யாராவது ஆலையில் வேலை பார்த்திருக்காமல் இருப்பது அரிது. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: உங்கள் வீட்டு ஆள் ஷிஃப்டு முடிந்து கிளம்பும்போது, அந்த இயந்திரத்துக்கு அடுத்து வந்து நின்றது யார்? அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.