லயத்துக்குப் பின்னால கேபிள் எரிக்கிறாங்க, கேஸ் போடலாமா?

மலையகத்துல நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து தங்கச்சி ஒருத்தங்க எழுதியிருக்காங்க. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால மேட்டுல பழைய இரும்புக் கடைக்காரர் செம்பு எடுக்குறதுக்கு ராத்திரியில கேபிள் எரிக்கிறாராம், ஒன்றரை வருஷமா நடக்குது, மகனுக்கு மூச்சு இழுப்பு, கேக்கப் போனா தோட்டத்து ஆளுங்கன்னு கேவலமா பேசியிருக்கார், தோட்டத்து மேனேஜர் துரையும் கண்டுக்கல. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துல கிணத்துத் தண்ணி கெட்டதுக்குக் கிடைச்ச மாதிரி, புகையில வர்ற டயொக்சின்ங்கிற நஞ்சுக்கு 20 லட்சம் நஷ்டஈடு கேக்கலாமான்னு கேள்வி.

தங்கச்சி, அவர் பேசின பேச்சையும் துரையையும் விடுங்க, அது வலிக்கும், ஆனா கோட்டுல அதுக்கு வேலை இல்ல. உங்க கேஸ்ல கேள்வி ஒண்ணுதான்: புகை உங்க வீட்டுக்கு மட்டும் தொந்தரவா, லயத்துக்கே தொந்தரவா? 1979 குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98ஆம் பிரிவுல, சமூகத்தோட சுகாதாரத்துக்கு இல்லன்னா உடல் சௌகரியத்துக்குக் கேடான தொழில நிறுத்துறதுக்கு நீதவானுக்கு அதிகாரம் இருக்கு. சௌகரியம் கெட்டாலே போதும், நோயை நிரூபிக்கத் தேவையில்ல. ஆனா "சமூகம்"னு இருக்கு, உங்க வீடு மட்டும் போதாது, அதத்தான் மறந்துடாதீங்க.

டயொக்சின் பத்தி நீங்க சொல்றது உண்மைதான். பீவீசி உறையோட செம்புக் கம்பிய எரிச்சா அது உண்டாகும், இந்த மாதிரி நஞ்சுகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில கேபிள் எரிக்கிறதப் பேர் சொல்லியே போட்டிருக்கு, இலங்கையும் 2005ல அதுல சேர்ந்துருச்சு. உடம்புக்குள்ள போனதுல பாதி குறையவே 7இல இருந்து 11 வருஷம் ஆகும். இப்படி உடம்புலயே தங்கி மெதுவா கெடுதல் பண்றதாலதான், இன்னைக்கு மகனோட இழுப்புக்கு அதுதான் காரணம்னு சிவில் கோட்டுல காட்டுறது ரொம்பக் கஷ்டம். நம்ம நாட்டுக் காற்றுத் தரத்துக்கான 1994 வர்த்தமானியிலயும், 2008ல அத திருத்தினதுலயும் தூசி, சல்பர் டயொக்சைட், ஓசோன் எல்லாம் இருக்கு, டயொக்சின் இல்ல, அதனால லாப் டெஸ்டுக்குக் கடன் வாங்காதீங்க. சுன்னாகத்துல கிணத்துத் தண்ணியில எண்ணெய் இருந்ததுக்கு அரச நிறுவனங்களோட ரிப்போட்டே இருந்துச்சு, 2015ல போட்ட அடிப்படை உரிமை வழக்குக்கு 2019லதான் தீர்ப்பு, 2 கோடி ரூபா, அதையும் ஊரே பிரிச்சு எடுக்கணும். அந்த மாதிரி அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாசம்தான் டைம். சிவில் நஷ்டஈட்டுக்கு இரண்டு வருஷம், உங்களுக்கு ஒன்றரை போயிருச்சு. தொடர்ந்து நடக்குற தொந்தரவுன்னு வாதாடலாம், ஆனா அத நம்பிக் காத்திருக்காதீங்க.

இனி நான் பயப்படுற விஷயம். தலவாக்கலைப் பக்கம் இதே மாதிரி ஒரு கேஸ் பார்த்தேன், பதினாலு வீடு கையெழுத்து வச்சுது, வழக்குத் தவணைக்கு முன்னாடி எதிராளி நாலு வீட்டுக்குத் தகரம் குடுத்தார், ஒரு வீட்டுக்குத் தண்ணி டாங்கி, இன்னொரு வீட்டுப் பையனுக்குக் கடையிலயே வேலை, கடைசில கோட்டுக்கு வந்தது இரண்டே வீடு. எதிர்த்தரப்பு லோயர் எழும்பி "எங்க சமூகம்?"னு கேட்டார். அதோட முடியல. எங்க தரப்பு அம்மா ஒருத்தங்க கையில ஒரு சிஆர் கொப்பி, தடிச்ச நோட்டுப் புத்தகம், ஒவ்வொரு ராத்திரியும் புகை எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்க, அவ்வளவு நல்ல சாட்சி, ஆனா பொலிஸ்ல சமாதானம் பேசினப்ப சிங்களத்துல எழுதின பக்கத்துல வாசிக்காமலே கையெழுத்து வச்சுட்டாங்க, அதுல இனிமே எந்த முறைப்பாடும் இல்லன்னு இருந்துச்சு. தமிழ்ல எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, புரியாத தாள்ல யார் சொன்னாலும் கை வைக்காதீங்க. ராத்திரியில போட்டோ எடுக்கன்னு கடைக்குள்ள போகாதீங்க, அத்துமீறல்னு உங்க மேலயே முறைப்பாடு வரும்.

பச்சையா சொல்றேன், சமாதானம் ஆகிடுங்க. ஆனா லயமே ஒண்ணா நின்னு, நீதவான் முன்னாடி, கோட்டு ரெக்கோட்ல. எரிக்கிறத நிறுத்தணும், மெஷின்ல உறைய உரிக்கட்டும், கிடக்குற சாம்பல அள்ளணும், மகனோட மருந்துச் செலவு குடுக்கணும். 20 லட்சம்னு ஆரம்பிச்சா அவர் வருஷக்கணக்கா இழுப்பார், புகை நிக்காது. கடைக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கான்னு தகவலறியும் சட்டத்துல பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் இந்த வாரமே எழுதிப் போடுங்க, இல்லன்னு பதில் வந்தா அவரே பேச வருவார்.

அதுவரைக்கும் அந்தச் சாம்பல்ல கிளறுற கோழியோட முட்டைய மகனுக்குக் குடுக்காதீங்க, டயொக்சின் மண்ணுல இருந்து முட்டைக்கும் பாலுக்கும்தான் போகுது.