புதிய ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பலாமா?

கேள்வி: புற்றுநோயாளிகளின் வலிதணிப்பு பற்றி எம்.டி. தீசிஸ் முடித்திருக்கிறேன். இத்துறைக்கெனச் சமீபத்தில் தொடங்கிய ஆய்விதழுக்கு அனுப்ப ஆசை. இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழ் வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: இத்துறைக் கட்டுரைகளை வெளிவரும் முன் படித்து மதிப்பிட்டு, அதாவது ரிவியூ செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இதழ் நேர்மையானது என்றால் தாராளமாக அனுப்புங்கள் அம்மா.

முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துத்தான் இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கிடப்படுகிறது. போன வருஷம் பிறந்த இதழுக்கு அது எப்படி இருக்கும்? ஆனால் ஒரு நிஜமான சிக்கல் உண்டு. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மெட்லைன், ஸ்கோப்பஸ், டி.ஓ.ஏ.ஜே. போன்ற ஆய்விதழ்ப் பட்டியல்களில் உள்ள இதழ்களையே தேசிய மருத்துவ ஆணையம் கணக்கில் எடுக்கிறது. பட்டியலில் சேர நல்ல கட்டுரைகள் வேண்டும். நல்ல கட்டுரைகள் வர, பட்டியலில் இருக்க வேண்டும். இளம் இதழ்கள் தடுமாறுவது இங்கேதான்.

நம் துறையில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. இந்திய வலிதணிப்புச் சங்கம் 1994-இல் தொடங்கியது. இத்துறைக்கான எம்.டி. படிப்போ 2012-இல்தான், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வந்தது. ஓர் இதழுக்குத் தொடர்ந்து கட்டுரை வருவதே தீசிஸ் எழுதும் மாணவர்களிடமிருந்துதான். அதுவரை மயக்கவியல், புற்றுநோய் மருத்துவர்கள் தங்கள் வேலைக்கு நடுவே எழுதினார்கள். ரிவியூ செய்யவும் ஆள் குறைவு. எழுதியவர் பெயரை மறைத்து ரிவியூவுக்கு அனுப்பினாலும், படித்ததுமே எந்த ஊர்க் கட்டுரை என்று தெரிந்துவிடும். என் மாணவர் எழுதியது என்று தெரிந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்புறம் ஆசிரியர் வேறு ஆளைத் தேட வேண்டும்.

இருந்தும் நமக்கென்று இதழ் வேண்டும் என்பேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை வாங்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. 2014 திருத்தத்தில்தான் அது எளிதானது. வீட்டில் மனைவியோ மகளோ மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம். இதையெல்லாம் வெளிநாட்டு இதழ் எதற்கு ஆராய வேண்டும்?

சரி, அனுப்பும் முன் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் ஒருவரிடமாவது நேரில் விசாரியுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் நாலே நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். பதவி உயர்வு அவசரம் என்றால் டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் இதழின் பெயரைத் தேடிப் பாருங்கள். முக்கியமாக, தீசிஸை அப்படியே அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சுருக்கி எழுதுங்கள்.