அக்யூட் மைலாய்டு லுகேமியா (ஏஎம்எல்) என்ற இரத்தப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்என்ஏக்களின் சீர்குலைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா?

எந்த மைக்ரோ ஆர்என்ஏ என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பொத்தாம்பொதுவாக "மைக்ரோ ஆர்என்ஏக்கள் புற்றுநோயை உண்டாக்குகின்றன" என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே கொண்ட, புரதமாக மாறாத ஆர்என்ஏ துண்டு. அது தூது ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுக்கும், அல்லது அந்தத் தூதையே சிதையச் செய்யும். பொருத்தத்தைப் பெரும்பாலும் ஏழெட்டு எழுத்துகளே தீர்மானிப்பதால், ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்த முடிகிறது. (1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த பணிக்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.)

ஏஎம்எல் நோயில் எலும்பு மஜ்ஜையின் முன்னோடி செல்கள் முதிர்ச்சியடையாமலேயே பெருகிக்கொண்டு போகின்றன. அந்த முதிர்ச்சிக்குத் துணைநிற்பவற்றுள் ஒன்று மிர்-223 என்ற மைக்ரோ ஆர்என்ஏ. எட்டாவது, இருபத்தொன்றாவது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் வகை ஏஎம்எல்லில் ஏஎம்எல்1-இடிஓ என்ற இணைவுப் புரதம் உருவாகிறது. இந்தப் புரதம் மிர்-223 மரபணுவின் மீது அமர்ந்து, டிஎன்ஏவில் ஒட்டி மரபணுவை அடக்கும் மெத்தில் குறிகளை இடும் நொதிகளையும் அங்கே வரவழைத்து, அந்த மரபணுவைப் பூட்டிவிடுகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், மிர்-223ஐச் செயற்கையாகச் செலுத்தியபோதும், மெத்தில் குறிகளை மருந்தால் நீக்கியபோதும், செல்கள் மீண்டும் முதிர்ச்சியை நோக்கி நகர்ந்தன. இணைவுப் புரதத்தை வைத்துப் பார்த்தால் மிர்-223 குறைந்தது விளைவு. முதிர்ச்சி தடைப்பட்டதை வைத்துப் பார்த்தால் அதுவே காரணம். என் வாசிப்பில் இந்த நோயின் தர்க்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மிர்-155 எதிர்த்திசையில் செல்கிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் எஃப்எல்டி3 மரபணுவின் ஒரு பகுதி இரட்டித்துப்போன நோயாளிகளிடம் அதன் அளவு உயர்ந்திருக்கிறது. வளர்ச்சிச் சமிக்ஞைகளுக்குக் கடிவாளமாக இருக்கும் ஷிப்1 புரதத்தை அது குறைக்கிறது. எலியின் இரத்த மூலச்செல்களில் மிர்-155ஐ இடைவிடாமல் மிகையாக உருவாகச் செய்தபோது, இந்த நோய் தாக்கும் இரத்தச் செல் வகையான மைலாய்டு செல்கள் பெருகின. ஆனால் உருவானது முழுமையான லுகேமியா அன்று, அதற்கு முந்தைய நிலையை ஒத்த கோளாறுதான் என்பதைப் பலர் குறிப்பிடாமல் கடந்துவிடுகிறார்கள். மிர்-29பி குறைவதும் முக்கியமானது: செல் சாவைத் தடுக்கும் எம்சிஎல்1 புரதமும், மெத்தில் குறியிடும் நொதிகளும் அதனால் கட்டுப்பாடின்றி உயர்கின்றன.

வெறும் உடன்பயணிகளாக இருக்கக்கூடியவையும் உண்டு. என்பிஎம்1 மரபணுவில் பிறழ்வுள்ள நோயாளிகளிடம் மிர்-10ஏ, மிர்-196பி ஆகியவை உயர்ந்திருக்கக் காணலாம். இவ்விரண்டும், உடல் வளர்ச்சியையும் இரத்தச் செல்களின் உருவாக்கத்தையும் வழிநடத்தும் ஹாக்ஸ் மரபணுத் தொகுதிகளுக்குள்ளேயே அமைந்திருப்பவை. அத்தொகுதிகள் இயங்கும்போது பூவோடு சேர்ந்த நார்போல இவையும் சேர்ந்து உயரக்கூடும். ஆகவே, அளவு மாறியிருப்பது ஒன்றையே கொண்டு பங்கை நிர்ணயிக்க முடியாது. அதைக் கூட்டியோ குறைத்தோ பார்த்த சோதனை வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு நம்பிக்கையூட்டுவதாக இல்லை. மிர்-34ஏவைப் போலச் செயல்படும்படி வடிவமைக்கப்பட்ட மருந்தைப் பல்வகைப் புற்றுநோயாளிகளிடம் பரிசோதித்த ஆய்வு, கடுமையான நோயெதிர்ப்பு எதிர்வினைகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. மிர்-181ஏ அதிகமுள்ள நோயாளிகள் சில பிரிவுகளில் நன்றாகத் தேறியிருக்கிறார்கள் என்றாலும், 2022இல் புதுப்பிக்கப்பட்ட ஐரோப்பிய லுகேமியாநெட் என்ற ஆய்வாளர் கூட்டமைப்பின் வகைப்பாடு நோயின் அபாயத்தைக் குரோமோசோம் மாற்றங்களையும் மரபணுப் பிறழ்வுகளையும் கொண்டே கணிக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ அளவுகள் அதில் இடம்பெறவில்லை.